ஆச்சி நிறுத்தி வைத்த இடம்

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டி காலை வேளைகளில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அதில் பதிந்து வைத்திருக்கும் ஒரே ஒரு நிகழ்ச்சியின் மேல் போய் நான் ரிமோட்டை அழுத்தியதும் திரையின் நடுவில் இரண்டு கட்டங்கள் வந்து நிற்கும். முதலிலிருந்து பார்க்கிறாயா என்கிறது ஒன்று. போன தடவை நிறுத்திய இடத்திலிருந்து பார்க்கிறாயா என்கிறது மற்றது. ஆங்கிலத்தில்தான் கேட்கிறது, ஆனால் புரியாத கேள்வி ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "இன்னைக்காச்சும் ஒரு முடிவுக்கு வருவியா, இல்ல நாளைக்கா?" என்று கேட்பார். அவருக்கு இது வேடிக்கை. ஒரு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பெட்டி வந்து பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். மாடியில் ஒரு டிஷ், அங்கிருந்து ஒரு வயர், வயரின் முடிவில் இந்தப் பெட்டி. மற்ற வீட்டுப் பெட்டிகள் படம் காட்டுவதோடு சரி. இது ஓடுகிற நிகழ்ச்சியைப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். நாம் கடைக்குப் போயிருந்தாலும், கோவிலுக்குப் போயிருந்தாலும், சொல்லி வைத்த நேரத்துக்குத் தானாக விழித்து, சிவப்பு விளக்கை எரியவிட்டுப் பதிந்து முடிக்கும். அன்றைக்குக் காரைக்குடியில் எங்கள் தெருவில் இப்படி ஒன்று வேறு யாரிடமும் கிடையாது. சொந்தக்காரர்கள் வந்தால் காப்பி கொடுப்பதற்கு முன்னால் இதைக் காட்டுவோம். இன்றைக்கு எல்லாரும் அவரவர் கைபேசியைக் குனிந்து பார்க்கிற காலத்தில் இதைத் தூசி தட்டி வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பெட்டியை வாங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர். தம்பி என் வீட்டுக்காரர். அண்ணனின் மனைவியை நான் ஆச்சி என்று கூப்பிடுவேன். ஆச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஏதோ கிழவி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் அக்காளும் ஆச்சிதான். என்னைவிட ஏழு வயது மூத்தவர், நல்ல உயரம், நடக்கும்போது இடுப்பில் சாவிக்கொத்து சத்தம் போடும். எங்கள் வழக்கப்படி கல்யாணம் ஆன ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அடுப்பு, பூட்டிக்கொள்ள வளவில் ஒரு தனி அறை. வளவு என்றால் வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். தாழ்வாரத்தின் கிழக்கே ஆச்சியின் அடுப்படி, மேற்கே என்னுடையது. இங்கே நான் கடுகு தாளித்தால் அங்கே அவருக்குத் தும்மல் வரும். டிவி மட்டும் பொது. அது தாழ்வாரத்தின் நடுவில் இருந்தது.

இரண்டு புள்ளிக்கும் பொதுவாக ஒரு சாமான் வந்தால் அதைப் பங்கு பிரிக்காமல் எங்களால் இருக்க முடியாது. பித்தளை அண்டா முதல் மாடித் தண்ணீர்த் தொட்டி வரை அப்படித்தான். பெட்டி வந்த அன்றே ஆச்சியின் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதிவு வைக்கிற இடம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று திரையில் காட்டும் நீளக் கோட்டைப் பார்த்துவிட்டு, "பாதி எங்களுக்கு, பாதி ஒங்களுக்கு. ஒருத்தர் எடத்துக்குள்ள ஒருத்தர் வரப்படாது" என்று தீர்ப்புச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். பெட்டிக்கு இந்தப் பங்கு விவரம் தெரியுமா என்று நால்வரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கோடு பாதியைத் தாண்டினால் யாருடைய சாமான் தாண்டியது என்று பெட்டி சொல்லப்போவதில்லை. அறையைப் பிரித்த கைகள் அதையும் பிரித்தன, அவ்வளவுதான்.

ஆச்சி தன் பங்கில் வைத்தது மிகக் கொஞ்சம். வெள்ளிக்கிழமைக் கோவில் நிகழ்ச்சி ஒன்றைப் பதிவார், சனிக்கிழமை பார்ப்பார், பார்த்த கையோடு அழித்துவிடுவார். நான் நேர் எதிர். மத்தியானத் தொடர் ஒன்றைத் தினமும் பதியச் சொல்லிவிட்டு மறந்துபோனேன். அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போனது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. கோடு பாதியைத் தாண்டி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். ஆச்சி பார்த்திருப்பார், சொல்லவில்லை.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கண்ட இடத்தில் கிடக்கிற சாமானைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. எடுத்துக்கொண்டுபோய்த் தன் அறையில் பூட்டி வைத்துவிடுவார். அதில் தவறில்லை. ஆனால் நாமாகப் போய்க் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார். கேட்காதவரை தானாக வாய் திறக்கமாட்டார். ஒரு தடவை கிணற்றடியில் வைத்த வெள்ளி டம்ளர் ஒன்றை மூன்று மாதம் தேடினேன். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளைக்கூட மனதுக்குள் சந்தேகப்பட்டேன். கடைசியில் அலுத்துப்போய், "ஆச்சி, அந்த டம்ளர எங்குட்டாச்சும் பாத்தீகளா?" என்றேன். அவர் சாவியை எடுத்து, அறையைத் திறந்து, துணியில் சுற்றிய டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். "மூணு மாசமா வச்சிருக்கீகளே, சொல்லப்படாதா?" என்று கேட்டதற்கு, "நீ கேட்டியா?" என்றார். கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி.

இனி என் அப்பச்சி. எங்கள் பக்கம் தகப்பனாரை அப்படித்தான் சொல்வோம். நெற்குப்பையில் தனியாக இருந்தார். அவருக்கு வறட்டு இருமல் ஒன்று விடாமல் இருந்தது. அதைவிடப் பெரிய வியாதி, காலையில் டிவியில் வருகிற சித்த வைத்தியரின் நேரலை நிகழ்ச்சிக்குப் போன் போடுவது. தினமும் போடுவார், லைன் கிடைக்காது. எனக்குப் போன் செய்து, "நாளைக்குக் கெடைச்சாலும் கெடைக்கும், பாத்துக்க" என்பார். என்றைக்குக் கிடைக்கும் என்று தெரியாததால் அந்த நிகழ்ச்சியையும் தினமும் பதியச் சொல்லி வைத்தேன். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் போன் மேல் போன். கிடைத்துவிட்டதாம், பேசிவிட்டாராம். ஈரத் தலையோடு ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டேன்.

திரையில் வைத்தியரும் நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பச்சியின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. "வணக்கம்மா, நெற்குப்பையிலருந்து பேசுறேன்" என்றது. அடுத்த நொடி அதே குரல் அவருடைய வீட்டு டிவியிலிருந்து எதிரொலித்து, "பேசுறேன்" என்றது. அந்தப் பெண், "சார், உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றாள். "கொறைக்கலாம், ரிமோட்டு எங்குட்டு கெடக்குன்னு தெரியலையேம்மா" என்றார் அப்பச்சி. வைத்தியர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு, "எம் மக காரைக்குடில இருக்கு, இப்ப பாத்துக்கிட்டிருக்கும்" என்றார். அதோடு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருமலைப் பற்றி என்னென்னவோ பேசினார். நான் சிரிப்பும் அழுகையுமாக இருந்ததில் ஒன்றும் காதில் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால் தூணோரத்தில் ஈரக் கையோடு ஆச்சி நின்றுகொண்டிருந்தார். "ஒங்க அப்பச்சி நல்லாப் பேசுறாக" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அதன் பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் அதை நான் போட்டுக் காட்டியிருக்கிறேன். எப்போதும் "எம் மக" வருகிற வரைக்கும்தான். அந்த இடம் வந்ததும் பெருமையோடு நிறுத்திவிடுவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அப்பச்சி போய்விட்டார். இருமலால் இல்லை, நெஞ்சுவலி. காரியங்கள் முடிந்து நெற்குப்பையிலிருந்து திரும்பிய அன்று, புடவைகூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தேன். புகைப்படம் இருந்தது, வேட்டி சட்டை இருந்தது, கண்ணாடி இருந்தது. குரல் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. பட்டியலை மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். நான் பார்க்காத தொடர் வரிசையாக நின்றது. அப்பச்சி மட்டும் இல்லை.

கோட்டைப் பார்த்தேன், நிறைந்து கிடந்தது. ரிமோட்டை அதிகம் கையாண்டதும் அழித்துப் பழகியதும் ஆச்சிதான் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. கிழக்கு அடுப்படி வாசலில் போய் நின்று, "ஏன் ஆச்சி அழிச்சீக? ஒங்க பங்குக்கு எடம் பத்தலையா?" என்று கேட்டேன். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். ஆச்சி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "நான் அழிக்கல" என்றார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இல்லை. குற்றம் செய்யாதவர் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவார் என்று அன்று நான் நம்பினேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானம், ஆச்சி என் அடுப்படி வாசலுக்கு வந்தார். கையில் ரிமோட் இருந்தது. வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். அந்த உறை அவர் விரலுக்கடியில் நொறுநொறுத்தது. "இங்க பாரு" என்று ஆரம்பித்தார். நான் திரும்பாமல், "ஒண்ணும் சொல்ல வேணாம் ஆச்சி, போனது போனதுதான்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சத்தத்தில் அவர் போனதுகூடத் தெரியவில்லை. குழாயை மூடிவிட்டுப் பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். பேசாமல் இருந்தோம் என்று சொல்ல முடியாது. பால்காரர் வரவில்லை, கேஸ் வந்துவிட்டது, மாடியில் துணி நனைகிறது, இவ்வளவும் பேசிக்கொண்டோம். ஆச்சி பணியாரம் சுட்டால் ஒரு கிண்ணம் வரும். நான் கவுனி அரிசி கிண்டினால் ஒரு கிண்ணம் போகும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பக்கூடாது என்பதால் ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம். ஆனால் முன்பெல்லாம் கிண்ணத்தோடு வந்து நின்று அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவார். அது நின்றுபோனது. டிவி பார்க்கவும் அவர் வருவதில்லை, நான் இல்லாத நேரத்தில் தவிர. நான் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது சில நாள் தாழ்வாரத்தில் நாற்காலி இடம் மாறியிருக்கும். டிவியைத் தொட்டால் சூடாக இருக்கும்.

பிறகு அவரும் அவர் வீட்டுக்காரரும் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கப் போனார்கள். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது ஆச்சி உள்ளே வந்து, உறை போட்ட அந்த ரிமோட்டை என் கையில் வைத்தார். "பொட்டிக்கு மாசாமாசம் கட்டிக்கிட்டே இரு. நிறுத்திராத" என்றார். சரி என்றேன். ஊரை விட்டுப் போகிறவர் கடைசியாகச் சொல்கிற வார்த்தையா இது என்று எனக்கு எரிச்சல் வந்தது. போகும்போதும் அதிகாரமா என்று வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர், "பொதுச் சாமான்தானே, அவுகளுக்கும் பங்கு இருக்குல்ல" என்றார். இரண்டு வருடத்தில் ஆச்சி காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று தெளிவாகத் தெரியாமல்தான் அழுதேன்.

போன வருடம் காற்று மழையில் மாடி டிஷ் திரும்பிக்கொண்டது. சிங்கம்புணரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது இருக்கும், இந்த வேலையில் பழுத்தவர். டிஷ்ஷைச் சரிசெய்துவிட்டு வந்து ரிமோட்டை வாங்கி எதை எதையோ அழுத்தினார். "இந்த மாடல் பொட்டிய இன்னுமா வச்சிருக்கீக" என்று சிரித்தவர், நான் அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைத் திறந்தார். "இதுல ஒண்ணு பூட்டி வச்சிருக்கீகளே, அது வேணுமா, அழிச்சிரவா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பெட்டி நிறைந்துபோனால் எது பழையதோ அதைத் தானாகவே அழித்துப் புதியதற்கு இடம் செய்துகொள்ளும். யாரையும் கேட்காது. ஆனால் பூட்டி வைத்ததைத் தொடாது. பூட்டினால் அது வழக்கமான பட்டியலில் தெரியாது, தனிப் பக்கத்துக்குப் போய்விடும். நாலு இலக்க எண் போட்டால்தான் திறக்கும். "நம்பர் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "மாத்தாம இருந்தா நாலு சைபர்தான்" என்று சொல்லி அழுத்தினார். திறந்துகொண்டது. முதலிலிருந்தா, நிறுத்திய இடத்திலிருந்தா என்று பெட்டி கேட்டது. "நிறுத்துன எடத்துக்கு ரெண்டு மூணு செகண்டு முன்னாடியிருந்து ஓடும்" என்று சொல்லிக்கொண்டே, அவர் என்னைக் கேட்காமல் இரண்டாவதை அழுத்தினார்.

வைத்தியர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பச்சியின் குரல், "அவுகளுக்கு ரொம்பப் புண்ணியமாப் போகும்மா" என்றது. நான் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிட்டேன். மெக்கானிக் பயந்துபோய், "என்னாச்சு, ஏதும் தப்பா அமுக்கிட்டனா?" என்றார். காப்பி குடிக்கச் சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போய் முகத்தைக் கழுவினேன்.

அவர் போன பிறகு முதலிலிருந்து முழுவதும் பார்த்தேன். பத்து வருடத்தில் முதன்முறையாக முழுவதும். எதிரொலி, ரிமோட் தேடியது, "எம் மக", அதற்குப் பின்னால் நான் என்றுமே கேட்காதது. "எந்த மருந்துக்கும் கேக்கலம்மா. மக வீட்டுக்குப் போயிருந்தப்ப அங்க மூத்த மருமக ஒருத்தவுக, சுக்கும் ஆடாதொடையும் போட்டு ஒரு கசாயம் வச்சுக் குடுத்தாக. நாலு நாளும் அவுகதான் வேளை தவறாம வச்சுக் குடுத்தாக. அதுக்குத்தான் கேட்டுச்சு. அவுகளுக்கு ரொம்பப் புண்ணியமாப் போகும்மா. அதையே தொடர்ந்து குடிக்கலாமா?" வைத்தியர், தாராளமாகக் குடிக்கலாம், சரியான கைப்பக்குவம் என்றார்.

அந்த நாலு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. கசாயம் வைத்தது நானில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆச்சியின் வீட்டுக்காரர் ஒரு காப்பியைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்து நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஊர் முழுக்கப் பார்க்கிற டிவியில் ஒருவர் ஆச்சிக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அதைத் தூணோரத்தில் நின்று கேட்டிருக்கிறார். பிறகு நான் இல்லாத நேரத்தில் வந்து கேட்டிருக்கிறார், அந்த வரியோடு நிறுத்தியிருக்கிறார். நான் என் வரியில் நிறுத்தியது போலவே.

இவ்வளவும் சரி. இதற்குமேல்தான் எனக்குக் குழம்புகிறது. என் தொடர்கள் சேர்ந்து அப்பச்சியை அழித்துவிடும் என்று தெரிந்து எனக்காகப் பூட்டினாரா, தனக்காகப் பூட்டினாரா? எனக்காக என்றால் நான் வாசலில் நின்று கத்திய அன்று, "இந்தா இருக்கு" என்று ஏன் சொல்லவில்லை? தனக்காக என்றால் வேறு எண்ணை மாற்றிப் போட்டிருக்கலாமே, யார் வேண்டுமானாலும் திறக்கிற நாலு சைபரை ஏன் விட்டார்? எண்ணை மாற்றலாம் என்றே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அன்று ரிமோட்டோடு வாசலில் நின்றது இதைச் சொல்லத்தானா, வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி பதியவில்லை என்று சொல்லவா? வீட்டுக்காரரைக் கேட்டால், "டம்ளர் கத தெரியும்ல. நீ எங்கன்னு கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பாக. நீ ஏன் அழிச்சீகன்னு கேட்ட, அழிக்கலன்னாக" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு வருடம் ஒரு மனுஷி கேட்கட்டும் என்று காத்திருப்பாளா? டம்ளரும் தகப்பன் குரலும் ஒன்றா? சில நாள் ஆச்சியின் மேல் கோபம் வருகிறது. சில நாள் என் மேல் வருகிறது. ஒரே நாளில் இரண்டும் வருவதும் உண்டு.

இணைப்பை நிறுத்தினால் பெட்டிக்குள் இருப்பதையும் பார்க்க முடியாது என்று மெக்கானிக் போகும்போது சொன்னார். நிறுத்திராத என்றாரே, அது இதற்குத்தான். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்திலும் எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் தொடர்களையெல்லாம் அழித்துவிட்டேன், இதை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஆச்சி நிறுத்திய வரியிலேயே நிறுத்தி வைக்கிறேன். முதலிலிருந்து என்று அழுத்தினால் அப்பச்சி என்னைத் தேடி வருகிறார். நிறுத்திய இடத்திலிருந்து என்றால் ஆச்சிக்கு நன்றி சொல்கிறார். காலையில் இரண்டு கட்டமும் வந்து நிற்கும்போது யாருக்கு முதலில் என்று என்னால் தீர்மானிக்க முடிவதில்லை. இன்று வீட்டுக்காரர் அலுத்துப்போய்ப் பேப்பரோடு வாசலுக்குப் போய்விட்டார். நான் முதலிலிருந்து என்று அழுத்தினேன். அப்பச்சி வணக்கம் சொன்னார், அவர் வீட்டு டிவி எதிரொலித்தது, அந்தப் பெண் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். கிழக்கு அடுப்படிக் கதவு பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்துகொண்டே ஆச்சி டிவியில் ஓடுவதையெல்லாம் கேட்டுவிடுவார். ஆனால் நான் சத்தம் குறைத்து வைத்தால் கேட்காது, அந்த ஏழு வருடமும் குறைத்துத்தான் வைத்தேன். ரிமோட்டின் உறை என் விரலுக்கடியில் நொறுநொறுத்தது. "எம் மக" வந்தது, நிறுத்தவில்லை. கசாயம் வந்ததும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன், கிழக்குச் சுவர் வரை கேட்கிற அளவுக்கு. அந்த வரி முடிந்ததும் நிறுத்தினேன், அவர் நிறுத்திய அதே இடத்தில். பூட்டிய கதவைப் பார்த்து, "ஆச்சி, அப்பச்சி பேசுனத எங்க வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.